எலும்பு தங்காத மண்

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நிற்பது புக்கிட் தீமா கருங்கல்லின் மேல். 20 கோடி ஆண்டுகளுக்கு மேல் வயதான அந்தப் பாறை வெயிலிலும் மழையிலும் மேலிருந்து கீழாக மக்கி, பல மீட்டர் ஆழத்துக்குச் செம்மண்ணாகிவிட்டது. புதிய வீவக புளோக்குக்கோ எம்ஆர்டி தடத்துக்கோ பள்ளம் வெட்டும்போது தகரத் தடுப்பின் இடுக்கில் தெரிவது அந்த மண்தான். மனிதப் பரிணாமத்தை ஆராய்கிறவர் அதைப் பார்த்ததுமே ஒரு முடிவுக்கு வந்துவிடலாம்: இங்கே எலும்பு தங்காது. மண்ணில் அமிலத்தன்மை, ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, சராசரியாக 27, 28 டிகிரி வெப்பம். எலும்பின் சுண்ணச்சத்து கரைந்து நீரோடு போய்விடும். 50,000 ஆண்டுகளுக்கு முன் இந்த இடத்தில் ஆள் நடமாட்டம் இருந்ததா என்ற வழக்கில் சாட்சி சொல்ல இந்த மண்ணுக்குத் தகுதியே கிடையாது. தடயம் இல்லை என்பதும் ஆளே இல்லை என்பதும் வேறு வேறு என்று வாயால் சொல்வது எளிது. ஓர் ஆய்வேட்டின் எல்லாப் பக்கத்திலும் அதைக் கடைப்பிடிப்பது கடினம். வெப்பமண்டல நாடுகளிலிருந்து இந்தத் துறைக்கு வரும் முனைவர் பட்ட மாணவர் எலும்பைத் தேடித் தொடங்கக் கூடாது, மண்ணிலும் காலக்கணிப்பிலும் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. துறையில் எல்லாரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. அவர்கள் சொல்லும் காரணங்கள் அற்பமானவையும் அல்ல.

பாடநூல்கள் மாணவரைப் பழக்குவது வேறு வழியில். யூஜின் டுபுவா 1891இல் ஜாவாவின் டிரினிலில் எடுத்த மண்டையோட்டு மூடி, 1974இல் எத்தியோப்பியாவில் கிடைத்த லூசி, 2003இல் ஃபுளோரெஸ் தீவின் லியாங் புவா குகையில் வெளிப்பட்ட குள்ள மனிதர் என்று கண்டெடுப்புகளின் வரிசையாகவே துறையின் வரலாறு சொல்லப்படுகிறது. அதைப் படித்து வளர்ந்தவர், ஆய்வு என்றால் தானும் ஒன்றைக் கண்டெடுப்பது என்று எண்ணுவதில் வியப்பில்லை. ஆனால் அந்த இடங்களை உலகப் படத்தில் குறித்துப் பாருங்கள். எரிமலைச் சாம்பல் மூடிய பள்ளத்தாக்கு, சுண்ணாம்புக் குகை, வற்றிப்போன ஏரிப்படுகை என்று எலும்பைக் காப்பாற்றும் நிலங்கள்தான் பெரும்பாலும் வரும். மனிதர் எங்கே வாழ்ந்தார்கள் என்று காட்டுவதாக நாம் நம்பும் படம், எலும்பு எங்கே மிஞ்சியது என்பதைத்தான் பெரிதும் காட்டுகிறது. இந்தியத் துணைக்கண்டம் முழுவதிலும் தொன்மையான மனித வகை ஒன்றின் மண்டையோடு என்று பரவலாக ஏற்கப்பட்டது ஒன்றே ஒன்று. மத்தியப் பிரதேசத்தின் ஹத்னோராவில் நர்மதைப் படுகையில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் அருண் சோனாகியா 1982 டிசம்பர் 5 அன்று கண்டது அது. அதன் வயதைப் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. அதே துணைக்கண்டத்தில் பழைய கற்காலக் கருவிகளோ ஆற்றுக்கு ஆறு கிடைக்கின்றன. எலும்பை எண்ணினால் ஆளற்ற நிலம், கல்லை எண்ணினால் நெருக்கடி.

திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைப் பொறுக்கி எடுத்து, இந்தியத் தொல்பழங்கால ஆய்வையே தொடங்கிவைத்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் கொசஸ்தலையாற்றுப் படுகையில் இருக்கும் இந்த ஊருக்கு வந்தார். கைக்கோடரிகள் குவியலாகக் கிடைத்தன. அதற்குப் பிறகு நூறாண்டுக்கும் மேலாக அறிஞர்கள் வந்தார்கள், சேகரித்தார்கள், வடிவத்தைப் பார்த்து வகைப்படுத்தினார்கள். எவ்வளவு பழையது என்ற கேள்விக்கு மட்டும் நேரான விடை இல்லை. ஐரோப்பாவோடும் ஆப்பிரிக்காவோடும் ஒப்பிட்டுச் சொன்ன ஊகம்தான் இருந்தது. சென்னையின் சர்மா மரபுக் கல்வி மையத்தைச் சேர்ந்த சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் 1999இலிருந்து அங்கே செய்த அகழாய்வின் சிறப்பு, அவர்கள் மேலும் பல கருவிகளை எடுத்தார்கள் என்பதில் இல்லை. ஒவ்வொரு மண்ணடுக்கும் எப்படிப் படிந்தது, கருவி கிடந்த இடத்திலேயே கிடந்ததா, வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்ததா என்பதை அடுக்கடுக்காகப் பிரித்தெடுத்தார்கள். அதன் பிறகே காலம் கணிக்கப்பட்டது. 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த முடிவு இரண்டு தனித்தனிக் கடிகாரங்களில் நிற்கிறது. ஒன்று, படிவுகளில் உறைந்திருந்த பூமியின் பழைய காந்தத் திசை. இன்னொன்று, ஆறு குவார்ட்சைட் கருவிகளுக்குள்ளேயே இருந்த அலுமினியம்-26, பெரிலியம்-10 ஆகிய கதிரியக்க அணுக்களின் விகிதம். கல் வெளியே கிடக்கும்வரை விண்வெளிக் கதிர்கள் பட்டு அந்த அணுக்கள் உண்டாகிக்கொண்டே இருக்கும். ஆழத்தில் புதைந்ததும் உற்பத்தி நிற்கும். முன்னது 7 லட்சம் ஆண்டுகளில் பாதியாகும், பின்னது ஏறத்தாழ 14 லட்சம் ஆண்டுகளில் பாதியாகும். மிஞ்சிய விகிதம் புதைந்த காலத்தைச் சொல்லும். குறைந்தது 10.7 லட்சம் ஆண்டு, கருவிகளின் சராசரி 15.1 லட்சம் ஆண்டு என்று விடை வந்தது. அந்த அகழாய்வுக் குழிகளில் மனித எலும்பு ஒன்றும் கிடைக்கவில்லை. இருந்தும், ஆசியாவில் கைக்கோடரிப் பண்பாட்டின் காலம் பற்றிய கருத்தை அந்தக் குழிகள் புரட்டிப்போட்டன.

அதே ஊரின் மேலடுக்குகளைப் பற்றிய இரண்டாம் கட்டுரை 2018இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. கைக்கோடரி மறைந்து, முன்கூட்டியே திட்டமிட்டுக் கல்லைச் செதுக்கிச் சில்லுகள் எடுக்கும் முறை, அதாவது இடைப் பழைய கற்கால முறை, அங்கே ஏறத்தாழ 3.85 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்பது அதன் முடிவு. இதற்குப் பயன்பட்ட ஒளிக்கணிப்பு முறையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஒரு முனைவர் பட்ட மாணவரின் ஆண்டுகள் உண்மையில் இதில்தான் கழிகின்றன. மண்ணில் உள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிர்வீச்சு, புதைந்த மணல்துகளுக்குள் சிறிது சிறிதாக ஆற்றலைச் சேர்த்துவைக்கிறது. துகள் ஓர் உண்டியல் மாதிரி. வெயில் பட்டால் காலியாகிவிடும், புதைந்த நாளிலிருந்து மறுபடி நிரம்பும். அதனால் மாதிரி எடுக்கும்போது வெளிச்சம் படக் கூடாது. குழியின் சுவரைப் புதிதாகச் சீவிவிட்டு, உலோகக் குழாயை அதில் சுத்தியலால் அடித்து இறக்கி, இரு முனையையும் அடைத்துக் கறுப்பு உறையில் போடுவார்கள். ஆய்வகத்தில் மங்கிய சிவப்பு விளக்கின் கீழ் குழாயைத் திறந்து, வெளிச்சம் பட்டிருக்கக்கூடிய முனைப்பகுதியை ஒதுக்கிவிட்டு, நடுவிலுள்ள மண்ணைச் சலித்து, அமிலங்களில் கழுவி, வேண்டிய கனிமத்தைப் பிரிப்பார்கள். குவார்ட்ஸ் துகள்கள் இவ்வளவு நீண்ட காலத்துக்குத் தாங்காமல் நிரம்பிவிடும் என்பதால் அத்திரம்பாக்கத்தில் ஃபெல்ஸ்பாரை நாடினார்கள். பிறகு ஒரு வகுத்தல் கணக்கு: துகளில் சேர்ந்த மொத்தக் கதிரளவை, ஆண்டுக்கு எவ்வளவு சேரும் என்பதால் வகுக்க வேண்டும். கணக்கு எளிது, சிக்கல் ஈரத்தில் இருக்கிறது. மண்ணிலுள்ள தண்ணீர் கதிர்வீச்சில் ஒரு பங்கை விழுங்கிவிடும். அந்த மண் லட்சம் ஆண்டுகளாக எவ்வளவு ஈரமாக இருந்தது என்று அதிகப்படியாக வைத்தால் வயது கூடும், குறைத்து வைத்தால் வயது இறங்கும். பருவமழை நாட்டின் ஈரத்தை வறண்ட ஐரோப்பியக் குகைக்குரிய எண்ணால் கணக்கிட முடியாது. வடகிழக்குப் பருவமழையில் ஊறி, சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும் மண்ணைப் பார்த்து வளர்ந்தவருக்கு அந்த எண்ணைச் சந்தேகிக்கும் புத்தி இயல்பாகவே இருக்கும். இந்தத் துறையில் நமக்குள்ள உண்மையான அனுகூலம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. கல்லை யார் செய்தார்கள் என்று கல் சொல்லாதே, எலும்பு இல்லாத ஆய்வு மனிதப் பரிணாமத்தைப் பற்றியது ஆகுமா, வெறும் கல்லின் பரிணாமம்தானே என்று கேட்பார்கள். பாதி ஒப்புக்கொள்கிறேன். 3.85 லட்சம் என்பதோடு கூட்டல் கழித்தல் 64,000 என்றும் அந்தக் கட்டுரையே சொல்கிறது. செய்தவர் எந்த மனித வகை என்று அது சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் அந்தத் தேதி ஒரு காரியத்தைச் செய்தது. இடைப் பழைய கற்கால நுட்பம் ஆப்பிரிக்காவிலிருந்து வெளியேறிய நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸோடுதான் மிகப் பிந்தி இந்தியாவுக்கு வந்தது என்ற எளிய கதையை அது தட்டிக்கேட்டது. மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத்தில் கிடைத்த, நம் இனத்தின் ஆகப் பழைய எச்சங்களே ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுப் பழமைதான். தேதி இல்லாத எலும்பால் இப்படிப்பட்ட கேள்வியை எழுப்ப முடியாது. ஹத்னோராவே அதற்குச் சாட்சி. இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், தமிழ் வாசகரிடம் சொல்லாமல் விட முடியாது. அத்திரம்பாக்கத்துச் செய்தி வந்ததும் முதல் மனிதனே தமிழன்தான் என்று மேடையில் முழங்குவது எளிது. அந்தக் கருவிகளைச் செய்தவர்கள் நம் இனமே அல்லாத ஏதோ ஒரு மனித வகையாக இருந்திருப்பார்கள். கீழடியின் ஆகப் பழைய அடுக்கு கி.மு. 6ஆம் நூற்றாண்டு. அத்திரம்பாக்கத்தின் அடியடுக்கு அதைப் போல ஐந்நூறு மடங்குக்கும் மேல் பழையது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்பவர் இரண்டுக்குமே நியாயம் செய்யவில்லை.

சிங்கப்பூரிலிருந்து பார்த்தால் இந்த வாதத்துக்கு இன்னும் பக்கத்தில் ஒரு சான்று இருக்கிறது. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்டி, கடற்பாலத்தில் ஒரு கிலோமீட்டர் போய், அங்கிருந்து வடக்கே ஒரு நாள் ஓட்டினால் பேராக் மாநிலத்தின் லெங்கோங் பள்ளத்தாக்கு. அங்குள்ள கோத்தா தம்பானில் 1938இல் ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தின் காலிங்ஸ் தோண்டினார். பின்னாளில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஸுரைனா மஜீத் கல் உடைத்த பட்டறை ஒன்றையே அங்கே வெளிக்கொணர்ந்தார். எரிமலைச் சாம்பலோடு சேர்ந்து கிடந்த அந்தப் பட்டறைக்கு முதலில் 31,000 ஆண்டு வயது சொல்லப்பட்டது. பிறகு அந்தச் சாம்பல் சுமத்ராவின் தோபா எரிமலை 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தபோது வந்தது என்று உறுதியானதும், கற்கள் அசையாமல் கிடந்த இடத்திலேயே இரு மடங்குக்கு மேல் முதுமையடைந்தன. அதோடும் முடியவில்லை. பள்ளத்தாக்கின் சாம்பல் வானிலிருந்து நேரே விழுந்ததா, மழைநீர் அடித்துக்கொண்டு வந்து மறுபடி படிந்ததா என்ற கேள்வியைப் பின்வந்த ஆய்வாளர்கள் எழுப்பினார்கள். மறுபடி படிந்தது என்றால் பட்டறையின் வயது மறுபடி ஆட்டம் காணும். அதே தோபா சாம்பல் ஆந்திரத்தின் ஜுவாலாபுரத்திலும் படிந்திருக்கிறது. அதன் கீழும் மேலும் கிடைத்த கருவிகள் ஒத்திருப்பதை வைத்து, அந்தப் பேரழிவைத் தாண்டி மனிதர் பிழைத்தார்கள் என்று 2007இல் மைக்கேல் பெட்ராக்லியாவும் ரவி கோரிசெட்டரும் அவர்கள் குழுவினரும் எழுதினார்கள். பிழைத்தவர்கள் நம் இனத்தார்தான் என்பதை பால் மெல்லர்ஸ் போன்றவர்கள் ஏற்கவில்லை. இந்தச் சண்டைகள் எதிலும் ஒரு மண்டையோடுகூட நடுவில் இல்லை. சாம்பல், சேறு, கதிரளவு இவற்றைப் புரிந்துகொள்ளாதவர் இதில் யார் பக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது.

வெப்பமண்டலத்திலும் எலும்பு கிடைத்திருக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. கிடைத்திருக்கிறது. சரவாக்கின் நியா குகையில் 1958இல் டாம், பார்பரா ஹாரிசன் காலத்தில் வந்த மண்டையோடும், இலங்கையின் ஃபாஹியன்-லென, படதொம்ப-லென குகைகளும் பெரும் பேறுகள். ஃபாஹியன்-லெனவில் ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கும் அடுக்குகளில் குரங்கும் அணிலும் வேட்டையாடப்பட்ட எலும்புகளும், அந்த எலும்பிலேயே செய்த அம்பு முனைகளும் கிடைத்தன. மழைக்காட்டில் மனிதரால் வாழ முடியாது என்ற பழைய எண்ணத்தை அவை மாற்றின. ஆனால் இவை மழை நேராக இறங்காத பாறைக் கூரைகளின் கீழ் தப்பியவை; வயதும் ஐம்பதாயிரத்தைத் தாண்டவில்லை. குகையில் கிடைத்ததை வைத்து, அந்நாளைய மனிதர் குகைவாசிகள் என்று முடிவு கட்டுவது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல வேண்டியதில்லை. சுண்ணாம்புக் குன்று ஒன்றுகூட இல்லாத உட்லண்ட்ஸுக்கு நியா ஓர் ஆறுதலும் இல்லை.

மூன்றாவது மறுப்பு இளைஞர்களிடமிருந்து வருகிறது, அதுதான் இன்று அதிகம் எடுபடுகிறது: மண்ணைக் கிண்டுவானேன், மரபணு எல்லாவற்றையும் சொல்லிவிடுமே. பழைய எலும்பின் டிஎன்ஏவை முதலில் பார்ப்போம். நியூசிலாந்தின் மோவா பறவை எலும்புகளை வைத்து 2012இல் வந்த ஆய்வு, 13 டிகிரி வெப்பத்தில் குறிப்பிட்ட நீளமுள்ள டிஎன்ஏ துண்டுகளில் பாதி 521 ஆண்டுகளில் சிதைந்துவிடும் என்று கணித்தது. நமக்கு 27 டிகிரி. சிதைவு பல மடங்கு வேகமாகும். சிந்துவெளி நகரமான ராகிகடியில் 61 எலும்பு மாதிரிகளைச் சோதித்து ஒரே ஒரு பெண்ணின் மரபுத்தொகையைத்தான், அதையும் அரைகுறையாகத்தான் மீட்க முடிந்தது. அவர் காலம் வெறும் 4,500 ஆண்டுகளுக்கு முன். சுலவேசித் தீவின் லியாங் பன்னிங்கேயில் கிடைத்த பெண்ணின் 7,200 ஆண்டுப் பழைய டிஎன்ஏவை உலகமே கொண்டாடியதற்குக் காரணமும் இதுதான். ஆகவே நம் வட்டாரத்தில் மரபணு என்றால் பெரும்பாலும் இன்று உயிரோடு இருப்பவர்களின் மரபணு. அதில் சிங்கப்பூர் பின்தங்கவில்லை. 2009இல் ஆசிய மக்களின் மரபணுப் பரவலைப் பற்றிய பெரும் கூட்டாய்வு இங்குள்ள மரபுத்தொகை ஆய்வுக் கழகத்தின் முன்முயற்சியில் வந்தது. 2019இல் 4,810 சிங்கப்பூரர்களின் முழு மரபுத்தொகையும் வெளியானது. அவர்களில் 2,780 பேர் சீனர், 903 பேர் மலாய்க்காரர், 1,127 பேர் இந்தியர்.

அந்த 1,127 பேரிடம்தான் பாடம் இருக்கிறது. ‘இந்தியர்’ என்பது அடையாள அட்டையின் வகை. தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வரும் கூட்டத்தில் ஒரு நூறு பேரிடம் பூர்விகம் கேட்டால் தஞ்சாவூர், திருச்சி, சேலம், இராமநாதபுரம், யாழ்ப்பாணம், மலையாளக் கரை, பஞ்சாப் என்று போகும். ஒரு மாவட்டத்துக்குள்ளேயே எந்தச் சாதி, யார் யாரைக் கட்டினார்கள் என்பது மரபணுவில் தெளிவாகப் பதிந்திருக்கும். அகமணம் இந்தியக் குழுக்களைப் பல நூறு தலைமுறைகளாகப் பிரித்துவைக்காவிட்டாலும், பல பத்துத் தலைமுறைகளாகப் பிரித்துவைத்திருக்கிறது என்பது ஹைதராபாத்தின் குமாரசாமி தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோர் டேவிட் ரைக்குடன் 2009இல் வெளியிட்ட ஆய்விலிருந்து நன்கு தெரிந்த செய்தி. மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்தது சில மாவட்டங்களில், சில சாதிகளில், தம் உறவுக்காரர்களுக்குள். அந்த முறை 1938இல் நின்றுபோனாலும் அது பொறுக்கி எடுத்த மாதிரி இன்றுவரை நம் இரத்தத்தில் இருக்கிறது. மருத்துவத்துக்கு இந்தத் தரவு பொன். தென்னிந்தியாவின் ஆதிக் குடியேற்றத்துக்கு இதை அப்படியே சான்றாக்க முடியாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் இராமசாமி பிச்சப்பன் உசிலம்பட்டி வட்டாரத்தில் அடையாளம் கண்ட எம்130 என்னும் ஆண்வழிக் குறியீடு, ஆஸ்திரேலியப் பழங்குடியினர் வரை நீளும் ஒரு பழைய வழியைக் காட்டுகிறது என்பது மதிப்புள்ள முடிவு. ஆனால் அது தந்தைவழியில் ஒரே ஒரு கோடு. பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள். அவற்றில் ஒன்றைத்தான் அந்தக் குறியீடு தொடுகிறது. உயிரோடிருப்பவர்களின் மரபணு, சந்ததி விட்டவர்களின் கதையை மட்டுமே சொல்லும். தோபாச் சாம்பலுக்கு அடியில் கல் உடைத்தவர்கள் வாரிசில்லாமல் அழிந்திருந்தால் அவர்களைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. மண்ணுக்குத் தெரியும்.

வேலை கிடைக்குமா என்பது பெற்றோர் கேட்கும் மறுப்பு. அதையும் மதிக்க வேண்டும். பழமானுடவியலுக்கென்று சிங்கப்பூரில் தனித் துறை கிடையாது. தேசியப் பல்கலைக்கழகத்தில் மானுடவியல் சமூகவியலோடு இருக்கிறது. தொல்லியல் என்றால் ஃபோர்ட் கேனிங்கில் 1984இல் ஜான் மிக்சிக் தொடங்கிய, 14ஆம் நூற்றாண்டுச் சிங்கப்பூரைத் தேடும் மரபுதான் வலுவானது. ஆனால் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் புவி அறிவியலார் எரிமலை, கடல்மட்டம், நிலநடுக்கம் இவற்றைப் படிக்கிறார்கள். அவர்களுக்கும் படிவுகளும் தேதிகளும்தான் மூலதனம். மண்ணில் தொடங்கிய மாணவர் அங்கே நுழையலாம், வெளியேறும்போதும் பல கதவுகள் திறந்திருக்கும். எலும்பில் மட்டும் தேர்ந்தவர் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய சேகரிப்புகளின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும்.

எலும்பே கிடைத்தாலும் அதன் வயதை மண்தான் சொல்ல வேண்டும் என்பதற்கு 2025இல் வெளியான மதுரா நீரிணை ஆய்வு பொருத்தமான சான்று. கிழக்கு ஜாவாவின் துறைமுகத் திட்டமொன்றுக்கு நிலம் மீட்கக் கடலடியிலிருந்து அள்ளிய மணலில் ஆயிரக்கணக்கான விலங்கு எலும்புகளும், ஹோமோ எரெக்டஸின் இரண்டு மண்டையோட்டுத் துண்டுகளும் கிடைத்தன. கடல் தாழ்ந்திருந்த காலத்து சோலோ ஆற்றின் பள்ளத்தாக்கு அது. சுமார் 1.4 லட்சம் ஆண்டு என்ற வயது ஒளிக்கணிப்பால் மணலிலிருந்து வந்தது. சிங்கப்பூரின் கிழக்கே தெம்பனிஸ், பிடோக் வட்டாரங்களின் அடியிலும் ஒரு பழைய ஆறு விட்டுச்சென்ற மணலும் சரளையும் தடிமனாகக் கிடக்கின்றன. பழைய வண்டல் என்று பெயர், குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் கலந்தது, வயது இன்னும் சரியாகக் கட்டப்படவில்லை. கட்டுமானத்துக்காகத் துளையிட்ட மண்ணுருளைகள் ஏராளம். அலுமினியம்-பெரிலியம் கணிப்புக்கு ஏற்ற படிவு அது. அந்த வயதைக் கட்டுவது நான்கு ஆண்டுகளில் முடிக்கக்கூடிய ஆய்வு. குழியில் ஒரு கற்கருவிகூடக் கிடைக்காவிட்டாலும் ஆய்வேடு தேறும். என்றாவது யாராவது ஒன்றை எடுத்தால் அதன் வயதைச் சொல்ல அந்த எண்தான் முதலில் வேண்டியிருக்கும்.